புல்தரை ஓடுபாதையில் புறப்பாட்டு விபத்துகள்: கையேட்டுக் கணக்குப்படி இடம் போதும் என்றால் விமானம் ஏன் வேலியில் மோதுகிறது?

வானம்பாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தென் இங்கிலாந்தில் வசிக்கிறேன். தனியார் விமானி உரிமத்துக்கான பயிற்சி முழுவதையும் தார் ஓடுபாதையில்தான் பெற்றேன். இப்போது செஸ்னா 172எஸ் என்ற நான்கு இருக்கைச் சிறு விமானம் ஒன்றைப் பங்கு முறையில் வைத்திருக்கும் சிறு குழுவில் சேரவிருக்கிறேன். அந்த விமானம் நிற்குமிடம் ஒரு பண்ணையை ஒட்டிய புல்தரை ஓடுபாதை. நீளம் 600 மீட்டர். மேற்கு முனையில் ஆள் உயரத்துக்கு ஓர் உயிர்வேலி, அதற்கு அப்பால் சாலை, சாலையோரமாக மின்கம்பி. தரை மேற்கு நோக்கி ஏறத்தாழ 2 சதவீதம் ஏறுகிறது.

தயாரிப்பாளரின் கையேட்டின்படி, கடல்மட்டத்தில், 15 பாகை செல்சியஸில், முழு எடையான 1,157 கிலோவுடன் இந்த விமானத்தின் தரையோட்டம் (சக்கரங்கள் தரையை விடும் வரை ஓடும் தூரம்) 960 அடி, அதாவது 293 மீட்டர். 50 அடி உயரத்தைக் கடக்கும் வரையிலான மொத்தத் தூரம் 1,630 அடி, அதாவது 497 மீட்டர். உலர்ந்த புல்தரை என்றால் தரையோட்டத்தில் 15 சதவீதத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அதே கையேடு சொல்கிறது. 44 மீட்டரைக் கூட்டினால் 541 வருகிறது. ஆக, 600 மீட்டரில் 59 மீட்டர் மிச்சமிருக்கிறது.

ஆனால் குழுவில் உள்ள மூத்தவர் ஒருவர், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஈரமான கோடைப் பிற்பகலில் அங்கிருந்து புறப்படுவதை ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன் என்கிறார். பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுக் கிளை மாதந்தோறும் வெளியிடும் தொகுப்புகளைப் புரட்டினால் அவர் சொல்வது வீண் அச்சமில்லை என்றும் தோன்றுகிறது. எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லாத விமானங்கள், அனுபவமுள்ளவர்கள் ஓட்டிய விமானங்கள், புல்தரையில் முழு நீளமும் ஓடி வேலியில் மோதுகின்றன. அல்லது தரையை விட்டு எழுந்தும் உயரம் பெறாமல் எல்லைக்கு அப்பால் விழுகின்றன. கையேட்டுக் கணக்குக்கும் புல்தரைக்கும் இடையே உண்மையில் என்ன நடக்கிறது? எந்த இடத்தில், எதைப் பார்த்து ஓட்டத்தைக் கைவிட வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய பயிற்சியாளர் எழுதியது:

வணக்கம் தம்பி. உங்கள் குழுவின் மூத்தவர் சொல்வது சரி. அவர் சொல்வதை எண்ணாலேயே காட்டிவிடலாம்.

கையேட்டில் உள்ள தூரம் புதிய விமானத்தை, புதிய எஞ்சினுடன், அந்த வேலைக்கென்றே பழகிய சோதனை விமானி ஓட்டியபோது கிடைத்தது. வாடகைக்கும் பங்குக்கும் பல ஆண்டுகள் பறந்து தேய்ந்த விமானம் அதை எட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இதனால்தான் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தனியார் விமானிகளுக்கென வெளியிட்ட பாதுகாப்புக் கையேட்டில், எல்லாத் திருத்தங்களையும் செய்த பிறகு, விடையை மேலும் 1.33-ஆல் பெருக்கிக்கொள்ளுமாறு வலியுறுத்துகிறது. திருத்தங்களையும் அது தெளிவாகத் தருகிறது. இறுகிய மண்ணில் 20 சென்டிமீட்டர் வரை வளர்ந்த உலர்ந்த புல்லுக்கு 20 சதவீதம், அதுவே ஈரமாக இருந்தால் 30 சதவீதம், இளகிய தரைக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ. 2 சதவீத ஏற்றத்துக்கு 10 சதவீதம், வெப்பம் 10 பாகை கூடினால் இன்னொரு 10 சதவீதம். எடை 10 சதவீதம் கூடினால் தூரம் 20 சதவீதம் கூடும். இவற்றைக் கூட்டக் கூடாது, ஒன்றன் மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

உங்கள் ஓடுபாதைக்கே போட்டுப் பாருங்கள். 25 பாகை வெப்பம், மழை பெய்து ஓய்ந்த புல். 497 மீட்டரை 1.1-ஆல் பெருக்கினால் 547. அதை 1.3-ஆல் பெருக்கினால் 711. மேற்கு நோக்கிப் புறப்பட்டால் ஏற்றத்துக்காக இன்னொரு 1.1, அப்போது 782. இவற்றில் எதிலும் 1.33 என்ற பாதுகாப்புக் காரணியை இன்னும் சேர்க்கவில்லை; சேர்த்தால் 1,040 மீட்டர். உங்களிடம் இருப்பது 600. உலர்ந்த புல், 15 பாகை, இருவர் மட்டும், அளவான எரிபொருள், ஏற்றம் இல்லாத திசை என்று எல்லாமே சாதகமாக அமைந்து எடை ஏழில் ஒரு பங்கு குறைந்தால்தான் 1.33 உட்பட எல்லாம் 600 மீட்டருக்குள் மயிரிழையில் அடங்குகிறது.

நான்கு பேர் என்றதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 172எஸ் விமானத்தில் நான்கு இருக்கைகள் இருக்கின்றன என்பதற்காக நான்கு பெரியவர்களையும் முழு எரிபொருளையும் ஏற்ற முடியாது. தொட்டிகளை நிரப்பினால் எரிபொருள் மட்டும் ஏறத்தாழ 144 கிலோ. ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிஞ்சுவது சுமார் 260 கிலோதான். 80 கிலோ எடையுள்ள நால்வர் ஏறினாலே வரம்பை 60 கிலோ தாண்டிவிடும், அப்போது கையேட்டில் உள்ள எந்தத் தூரமும் உங்களுக்குப் பொருந்தாது.

இனி, எங்கே கைவிடுவது என்ற கேள்வி. ஓடுபாதையின் பாதியில், எழும் வேகத்தின் 70 சதவீதத்தை எட்டியிருக்க வேண்டும் என்ற விதியைப் பயிற்சியில் கேட்டிருப்பீர்கள். முடுக்கம் சீராக இருந்தால் வேகத்தின் வர்க்கம் தூரத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், பாதித் தூரத்தில் 71 சதவீத வேகம் கிடைக்கும். விதி அங்கிருந்து வந்தது. ஆனால் அதை அப்படியே ஓடுபாதையின் பாதியில் வைத்துக்கொள்பவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார். 300 மீட்டரில் 70 சதவீத வேகம் இருந்தால், முழு வேகம் 600-வது மீட்டரில்தான் வரும். அதாவது சக்கரங்கள் தரையை விடும் இடமே வேலியின் அடிதான். வேலியையும் மின்கம்பியையும் கடந்து ஏறுவதற்கு இடம் எங்கே?

எனவே பின்னாலிருந்து கணக்கிடுங்கள். தரையை விட்ட பிறகு 50 அடி ஏறுவதற்கு நல்ல நாளிலேயே 200 மீட்டருக்கு மேல் வேண்டும். வெப்பத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கினால், உங்கள் ஓடுபாதையில் சக்கரங்கள் 350 மீட்டருக்குள் தரையை விட்டாக வேண்டும். அதன் பாதி 175 மீட்டர். 172எஸ் 55 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) மூக்கைத் தூக்கும் விமானம், அதில் 70 சதவீதம் 38 அல்லது 39 நாட். அந்த விமானத்தின் வேகமானி 40-லிருந்துதான் எண்களைக் காட்டத் தொடங்குகிறது என்பதால் நடைமுறை எளிது. 175-வது மீட்டரைக் கடக்கும்போது முள் அசைந்து 40-ஐத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை என்றால் எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை மூடுங்கள். அந்த இடத்தில் ஓரமாக ஒரு வெள்ளைப் பலகையை நட்டுவிடுங்கள். ஓட்டத்தின் நடுவே தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது எவராலும் இயலாத காரியம்.

அங்கே கைவிட்டால் நிற்பதற்கு 425 மீட்டர் இருக்கும். ஈரப் புல்லில் பிரேக் மிக மோசமாகப் பிடிக்கும் என்றாலும் அது போதும். 55 நாட் வரை காத்திருந்துவிட்டுக் கைவிட்டாலோ, விமானத்தின் இயக்க ஆற்றல் 39 நாட்டில் இருந்ததைப் போல இரண்டு மடங்காகிவிடும், மிச்சமிருக்கும் தரையோ வெகுவாகக் குறைந்திருக்கும். தாமதமாகவே கைவிட நேர்ந்தாலும், பிரேக் பிடித்தபடி 20 நாட்டில் வேலிக்குள் நுழைவது, 55 நாட்டில் நுழைவதன் ஏழில் ஒரு பங்கு ஆற்றலைத்தான் கொண்டிருக்கும். விமானம் சேதமாகும், ஆட்கள் பெரும்பாலும் நடந்து வெளியே வருவார்கள்.

இயந்திரவியலான் எழுதியது:

பயிற்சியாளர் ஐயா கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதன் பின்னால் உள்ள இயற்பியலைச் சேர்க்கிறேன், ஏனென்றால் அனுபவமுள்ளவர்களும் ஏன் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

சக்கரத்தின் உருளல் தடையைப் பாடநூல்கள் எடையின் பின்னமாகத் தருகின்றன. கான்கிரீட்டுக்குச் சுமார் 0.02, குட்டைப் புல்லுக்கு 0.05, நீண்ட புல்லுக்கு 0.1, இளகிய மண்ணுக்கு அதற்கும் மேல். 1,157 கிலோ விமானத்தைக் கான்கிரீட் 23 கிலோ விசையுடன் பின்னால் இழுக்கிறது என்றால், நீண்ட புல் 115 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. கடற்கரை மணலில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது புரியும். புரொப்பெல்லரின் இழுவிசையோ வேகம் கூடக்கூடக் குறைந்துகொண்டே போகும். ஆகவே முடுக்கம் சீராக இருப்பதில்லை. ஓட்டத்தின் பிற்பகுதியில் அது மெலிகிறது. பாதியில் 70 சதவீதம் என்பது ஆகக் குறைந்த தேவை, அதில் தளர்வுக்கு இடமில்லை.

இன்னொன்று, புல்தரை ஒரே சீராக இருப்பதில்லை. மேட்டில் காய்ந்திருக்கும், பள்ளத்தில் தண்ணீர் கோத்திருக்கும். ஓட்டத்தின் நடுவே தரை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு, விமானமும் ஓடுபாதையும் வேறு என்றாலும், 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் நடந்த விபத்து பெரிய சான்று. மான்செஸ்டர் யுனைடெட் அணியினரை ஏற்றிய ஏர்ஸ்பீட் அம்பாசடர், ஓடுபாதையின் கடைசிப் பகுதியில் கரைபனிச் சேற்றுக்குள் நுழைந்ததும், 117 நாட்டில் இருந்த அதன் வேகம் 105-க்கு இறங்கியது. முழு விசையில் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் இறங்கியது. 23 பேர் இறந்தனர். கேப்டன் ஜேம்ஸ் தெயின்மீது சுமத்தப்பட்ட பழி 1969-இல்தான் நீங்கியது. சக்கரங்கள் சேற்றைத் தள்ளிச் செல்லும்போது ஏற்படும் தடை எவ்வளவு பெரியது என்பதை அன்று பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. ஓடுபாதையைப் புறப்பாட்டுக்கு முன் காலால் நடந்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். குதிகாலை அழுத்தினால் பள்ளம் விழும் இடங்கள் எங்கெங்கே, ஓட்டத்தின் முற்பகுதியிலா பிற்பகுதியிலா என்பது முக்கியம். பிற்பகுதியில் ஈரம் இருந்தால் 175 மீட்டர் பலகையில் எல்லாம் சரியாகத் தெரியும், அதற்குப் பிறகுதான் வேகம் நின்றுபோகும்.

மிகவும் ஆபத்தானது இனிமேல்தான். தரைக்கு மிக அருகில் பறக்கும் இறக்கைக்குத் தூண்டு இழுவை, அதாவது தூக்குவிசையை உண்டாக்கும்போது கூடவே பிறக்கும் காற்றுத்தடை, குறைகிறது. இறக்கை, தன் வீச்சில் (ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையிலான நீளத்தில்) பத்தில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும்போது இந்த இழுவை ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. நான்கில் ஒரு பங்கு உயரத்தில் சுமார் 24 சதவீதம் குறைகிறது. வீச்சின் அளவு உயரத்துக்கு ஏறினால் இந்தச் சலுகை அநேகமாக மறைந்துவிடுகிறது. செஸ்னாவின் வீச்சு 11 மீட்டர். ஆகவே விமானத்தால் போதிய வேகம் இல்லாமலும் தரையை விட்டு எழ முடியும், ஆனால் அந்த வேகத்தில் ஏற முடியாது. சேற்றுத் தரையில் சக்கரங்களைச் சீக்கிரம் விடுவித்து, தரையை ஒட்டியே பறந்து வேகம் சேர்ப்பது முறையான உத்திதான். அதற்கு முன்னால் வெட்டவெளி வேண்டும். குறுகிய ஓடுபாதையில், எதிரே வேலி நெருங்கும்போது, விமானியின் கை தானாகவே கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னுக்கு இழுக்கிறது. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் மடிப்பு) இறக்காத நிலையில் 172எஸ் 48 நாட்டில் ஸ்டால் ஆகிறது, அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கிறது. 50 நாட்டில் மிதந்துகொண்டிருப்பவர் பிடியை இழுத்தால் இழுவைதான் கூடும், வேகம் இன்னும் குறையும். அனுபவமுள்ளவர் மாட்டிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான்: சக்கரத்தின் அதிர்வு நின்றதும், புறப்பாடு முடிந்துவிட்டது என்று அவருடைய உடலே நம்பிவிடுகிறது.

வானம்பாடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. பின்னாலிருந்து கணக்கிடும் முறையை யாரும் எனக்கு இதுவரை சொல்லவில்லை. 59 மீட்டர் மிச்சம் என்று எழுதியதை இப்போது படிக்கவே தயக்கமாக இருக்கிறது.

தொடர்ந்து ஒரு கேள்வி. இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசும். மேற்கு நோக்கிப் புறப்பட்டால் எதிர்க்காற்று கிடைக்கும், ஆனால் ஏற்றத்தில் ஓட வேண்டும். கிழக்கு நோக்கிப் புறப்பட்டால் இறக்கம், ஆனால் பின்காற்று. 5 நாட் காற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

தென்தீவு எழுதியது:

வணக்கம். நான் நியூசிலாந்தின் தென்தீவில் இருக்கிறேன். 1949 முதல் குன்றுச் சரிவுகளில் உள்ள புல்தரைகளிலிருந்து உரம் தூவும் விமானங்கள் பறந்துவரும் நாடு இது. ஆகவே ஏற்றமா காற்றா என்பது இங்கே தினசரிப் பேச்சு.

உங்கள் எண்களுக்கு விடை தெளிவானது. 172எஸ் கையேட்டின்படி ஒவ்வொரு 9 நாட் எதிர்க்காற்றுக்கும் தூரம் 10 சதவீதம் குறையும். ஆனால் பின்காற்றில் ஒவ்வொரு 2 நாட்டுக்கும் 10 சதவீதம் கூடும். பின்காற்றின் தண்டனை எதிர்க்காற்றின் பரிசைவிட நான்கு மடங்குக்கும் மேல். மேற்கு நோக்கி ஓடினால் ஏற்றத்துக்கு 10 சதவீதம் இழந்து, காற்றால் 5 சதவீதத்துக்கு மேல் மீட்கிறீர்கள். நிகர இழப்பு 4 சதவீதம் அளவில்தான். கிழக்கு நோக்கி ஓடினால் காற்றால் மட்டும் 25 சதவீதம் இழக்கிறீர்கள், இறக்கத்தால் கிடைக்கும் லாபத்தை யாரும் உறுதியாகத் தருவதில்லை. ஆகவே தூரத்தை மட்டும் பார்த்தால் மேற்கு.

ஆனால் மேற்கில்தான் உங்கள் வேலியும் மின்கம்பியும் இருக்கின்றன. வேலிக்கு அப்பாலும் தரை தொடர்ந்து ஏறினால், விமானத்தின் ஏறும் திறனில் ஒரு பகுதியைத் தரையே தின்றுவிடும். காற்று அந்த மேட்டைத் தாண்டி உங்களை நோக்கிக் கீழிறங்கி வந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்படியானால் அந்த நாளில் சரியான திசை என்று ஒன்று இல்லை. எடையைக் குறைக்க வேண்டும், அல்லது காற்று அடங்கக் காத்திருக்க வேண்டும். 2 சதவீதச் சரிவில் காற்றைப் பாருங்கள். 8, 10 சதவீதச் சரிவு உள்ள மலை ஓடுபாதைகளில் இது தலைகீழாகும். பப்புவா நியூகினியின் மலைகளில் ஏற்றத்தில் இறங்கி, இறக்கத்தில் புறப்படுவதே வழக்கம். பின்காற்று பலமாக இருந்தால் அங்கே புறப்படுவதே இல்லை.

எடையைப் பற்றிப் பேசும்போது, அது எங்கே அமர்கிறது என்பதையும் பேச வேண்டும். 2010 செப்டம்பர் 4 அன்று இங்கே ஃபாக்ஸ் கிளேசியரில், வேளாண் விமானமாக இருந்து பாராசூட் வீரர்களை ஏற்றுவதற்காக மாற்றப்பட்ட ஃபிளெட்சர் விமானம் ஒன்று புறப்பாட்டின்போது விழுந்து, அதிலிருந்த 9 பேரும் இறந்தனர். அந்த விமானத்துக்கு எடை, சமநிலைக் கணக்கே போடப்படவில்லை என்றும், ஈர்ப்பு மையம் பின்வரம்பைத் தாண்டி இருந்ததால் கட்டுப்படுத்த முடியாத குறைந்த வேகத்திலேயே அது தரையை விட்டு எழுந்தது என்றும் விபத்து ஆணையத்தின் முதல் அறிக்கை கூறியது. காரணங்களைப் பற்றிய விவாதம் அதன் பிறகும் நீண்டது, ஆனால் கணக்குப் போடாமலே பறந்துகொண்டிருந்தார்கள் என்பது இன்றும் என்னை உலுக்குகிறது. கூடாரமும் பெட்டிகளும் பின்பகுதியில் ஏறும் விடுமுறைப் பயணங்களில், மூக்கு சீக்கிரமே தானாக எழுந்தால் அதை நல்ல அறிகுறி என்று எண்ண வேண்டாம்.

பழைய பயிற்சியாளர் எழுதியது:

மேலே தென்தீவு நண்பர் சொன்னதுடன் முழுவதும் உடன்படுகிறேன். எடையும் தரையும் சேர்ந்து செய்வதை நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் களத்தில் எட்டு மாத இடைவெளியில் இருமுறை பார்த்தார்கள். 1926 செப்டம்பர் 21 அன்று பாரிஸுக்கு இடைநில்லாமல் பறக்க முயன்ற ரெனே ஃபோங்க் ஓட்டிய, எரிபொருளால் நிரம்பி வழிந்த மூன்று எஞ்சின் சிகோர்ஸ்கி, ஓட்டத்தின்போதே சக்கரத் தொகுதியின் ஒரு பகுதியை இழந்து, எழ முடியாமல் களத்தின் முனையிலிருந்த பள்ளத்தில் விழுந்து எரிந்தது. இருவர் இறந்தனர். 1927 மே 20 அன்று, மழையில் ஊறிய அதே களத்திலிருந்து லிண்ட்பர்க், அதே பாரிஸை நோக்கி, ஏறத்தாழ 1,700 லிட்டர் எரிபொருளுடன் புறப்பட்டு, முனையிலிருந்த தொலைபேசிக் கம்பிகளைச் சுமார் 20 அடி இடைவெளியில் கடந்தார். அவர் கடந்ததைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. புல்தரையில் கற்பிக்கும்போது நான் மாணவர்களிடம் முதலில் சொல்வது ஃபோங்கின் ஓட்டத்தைப் பற்றித்தான்.

ஈரப்புல் எழுதியது:

இதுவரை யாரும் தொடாத ஒன்று. 172எஸ் விமானத்தில் கார்புரேட்டர் (காற்றையும் எரிபொருளையும் கலக்கும் பகுதி) இல்லாமல் எரிபொருள் உட்செலுத்தப்படுவதால் உங்களுக்கு இது நேராகப் பொருந்தாது. ஆனால் அதே களத்தில் பைப்பர் வாரியர் போன்ற கார்புரேட்டர் விமானங்களும் இருக்கும், குழு நாளை விமானத்தை மாற்றவும் கூடும். பனித்துளி படிந்த புல்லில், குறைந்த விசையில் நீண்ட தூரம் ஊர்ந்து செல்லும்போது, இங்கிலாந்தின் ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் பனி உறைந்துவிடும். ஓடுபாதையின் முனையில் நின்று முழு விசை கொடுக்கும் வரை அது தெரியாது. கொடுத்த பிறகும், எஞ்சின் சுழற்சி வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதைக் கவனித்தால்தான் தெரியும். புல்லின் தடையால் மெதுவாக ஓடுகிறது என்று விமானி எண்ணிக்கொள்வார், உண்மையில் விசையே குறைந்திருக்கும். ஊர்ந்து சென்று முடித்ததும், புறப்படுவதற்குச் சற்று முன்பாக, கார்புரேட்டர் வெப்பத்தைக் குறைந்தது 15 விநாடி முழுமையாகத் திறந்து வைத்து, பின் மூடி, த்ராட்டிலை முழுவதும் தள்ளியவுடன் சுழற்சி எண்ணைப் பாருங்கள். அந்த விமானத்துக்குரிய எண் வராவிட்டால் ஓட்டத்தைத் தொடங்க வேண்டாம்.

சக்கர உறைகள் இருந்தால், மழைக்காலத்தில் கழற்றிவிடுங்கள். வெட்டிய புல்லும் சேறும் உள்ளே அடைத்துக்கொண்டு பிரேக்கைப் போலவே சக்கரத்தைப் பிடிக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்ற மனமில்லாதவர்கள் ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் விரலை உள்ளே விட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும்.